எதுக்களிப்புக்கு ஃபண்டோப்ளிகேஷன் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு: சாப்பாடு, மாத்திரை, ஏப்பம் பற்றிச் சில சந்தேகங்கள்

கெடிலக்கரை (கடலூர்) கேட்டது:

வணக்கம். அப்பாவுக்கு வயசு 56, சர்க்கரை உண்டு. ரொம்ப வருஷமா எதுக்களிப்பு, ராத்திரியில புளிச்ச தண்ணி தொண்டைக்கு வந்து இருமல். போன வாரம் புதுச்சேரியில லேப்ராஸ்கோப் வழியா ஹயாட்டஸ் ஹெர்னியாவை (உதரவிதான ஓட்டை வழியா இரைப்பை நெஞ்சுக்குள்ள ஏறுறது) சரிசெஞ்சு ஃபண்டோப்ளிகேஷன் பண்ணினாங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில "டூபே, 270 டிகிரி"ன்னு இருக்கு. மஞ்சக்குப்பம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். கையில கொடுத்த தாளில இருக்கிறது மூணே வரி: திரவ உணவு, அப்புறம் மென்மையான உணவு, 6 வாரம் பளு தூக்கக் கூடாது.

சந்தேகங்கள்:

நேத்து "இட்லிதானே, மெத்துன்னு இருக்கு"ன்னு அம்மா கொடுத்தாங்க. ரெண்டாவது வாயிலேயே நெஞ்சுக்குழிகிட்ட நின்னுபோச்சு. வாயில எச்சில் ஊறி ஊறித் துப்பினார். அரை மணி நேரத்தில தானா இறங்கிடுச்சு. தையல் ஏதும் கோளாறா?

வயிறு கும்முன்னு இருக்கு, ஏப்பம் வரமாட்டேங்குது. கோலி சோடாவில எலுமிச்சை பிழிஞ்சு குடிக்கட்டுமான்னு கேக்கிறார்.

மாத்திரை பெரிசு பெரிசா இருக்கு. எல்லாத்தையும் பொடிச்சுக் கொடுக்கலாமா? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எஸ்.ஆர்., அமிலத்துக்குப் பான்டோபிரசோல், வலி மாத்திரை எல்லாம் உண்டு.

வலது தோள்பட்டையில வலி. வயித்துல ஆபரேஷன் பண்ணினா தோள் ஏன் வலிக்கணும்?

பெரியம்மா வேற பால் சுறா வாங்கிப் புட்டு பண்ணிக் கொண்டாரேன்னு நிக்கிறாங்க. புண்ணு ஆறுமாம்.

---

லாஸ்பேட்டை சிஸ்டர்:

தம்பி, அரை மணி நேரத்தில இறங்கிடுச்சுன்னா தையல் கோளாறுன்னு பயப்பட வேண்டாம். ஆனா அந்த இட்லி இப்போ கொடுத்திருக்கவே கூடாது.

ஃபண்டோப்ளிகேஷன்னா, இரைப்பையோட மேல்பகுதியை உணவுக்குழாயின் அடிப்பக்கத்துக்குப் பின்னால இழுத்துக் கொண்டுபோய் ரெண்டு பக்கமும் தைச்சிருக்காங்க. நிஸ்ஸன் முறைன்னா முழுச் சுற்று, 360 டிகிரி. அப்பாவுக்குப் பண்ணினது டூபே, முக்கால் சுற்று. 1963ல ஒரு பிரெஞ்சு சர்ஜன் விவரிச்ச முறை. முன்பக்கம் கொஞ்சம் திறந்து இருக்கிறதால விழுங்குற கஷ்டமும் உப்புசமும் நிஸ்ஸனைவிடக் குறைவு. அதோட உதரவிதானத்தில (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை) பெரிசா இருந்த ஓட்டையையும் தைச்சுச் சுருக்கியிருப்பாங்க. தொட்டுத் தைச்ச இடமெல்லாம் இப்போ வீங்கியிருக்கும். வீக்கம் இருக்கிற வரைக்கும் வழி குறுகல்தான். பெரும்பாலானவங்களுக்கு 6 வாரத்தில நல்லா தெரியும்படி குறையும், சிலருக்கு 12 வாரம்கூட ஆகும். முதல் ரெண்டு மூணு நாள் நல்லா இறங்கி, அதுக்கப்புறம் வீக்கம் ஏறி அடைக்கிற மாதிரி இருக்கிறதும் உண்டு. "நேத்துக் குடிக்க முடிஞ்சது, இன்னைக்கு முடியலையே"ன்னு கலங்குறவங்க பாதிப்பேர் இதனாலதான்.

மறுபடி அடைச்சா என்ன செய்யணும்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வையுங்க. சாப்பாட்டை உடனே நிறுத்தணும். எழுந்து நின்னு மெதுவா நடக்கணும். எச்சிலைத் துப்பிடலாம். பத்துப் பதினைஞ்சு நிமிஷம் கழிச்சு வெதுவெதுப்பான தண்ணி ஒரு டீஸ்பூன் மட்டும் குடிச்சுப் பார்க்கலாம். டம்ளர் டம்ளரா தண்ணி விட்டுத் தள்ளப் பார்க்கக் கூடாது. அடைப்புக்கு மேல தண்ணி நிறைஞ்சு வாய் வழியா திரும்பும், புரை ஏறும். மீன் முள் சிக்கினா சோத்து உருண்டையோ வாழைப்பழமோ மெல்லாம முழுங்கச் சொல்வோமே, அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டு வந்துடாதீங்க. இருக்கிற அடைப்புக்கு மேல இன்னொரு அடைப்பு. தொண்டையில விரல் விட்டு வாந்தி எடுக்கிறது அதைவிட மோசம்.

வாந்தியைப் பத்தித் தனியா சொல்லணும். முதல் 4 வாரத்தில ஓங்கரிப்பும் பலமான வாந்தியும்தான் இந்த ஆபரேஷனுக்குப் பெரிய எதிரி. வயித்து அழுத்தம் திடீர்னு ஏறும்போது சுத்தித் தைச்சது மேல நெஞ்சுக்குள்ள நழுவலாம், தையல் விடலாம். அதனால குமட்டல் வந்தவுடனேயே, வாந்தி வர்ற வரைக்கும் காத்திருக்காம, டாக்டர் எழுதின மருந்தைக் கொடுங்க. நாக்கில வெச்சா கரையுற ஆன்டன்செட்ரான் மாத்திரை எழுதிக் கொடுக்கலைன்னா போன் பண்ணிக் கேளுங்க. பலமா வாந்தி எடுத்துட்டு அதுக்கப்புறம் நெஞ்சில புது வலியோ விழுங்க முடியாமையோ வந்தா, சரியாயிடும்னு ராத்திரியைக் கடத்தாதீங்க, அன்னைக்கே காட்டணும்.

தோள் வலி: வயித்தை விரிச்சுப் பார்க்கக் கரியமில வாயு ஏத்துவாங்க. அதுல மிச்சம் இருக்கிறது உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்குப் போற நரம்பும் தோள்பட்டைத் தோலுக்குப் போற நரம்பும் கழுத்தில ஒரே இடத்திலிருந்து கிளம்புறதால, வலி தோளில தெரியும். சில நாள்ல போயிடும். கொஞ்சம் நடை, பாரசிட்டமால் போதும். ஆனா அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு. வலியோட வேர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவுறதுன்னு ஏதாவது இருந்தா "கேஸ்"னு ஒதுக்கிடாதீங்க, உடனே இ.சி.ஜி.

தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போன்னா: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல காய்ச்சல், ரெண்டு மணி நேரமா சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியலை, குறையாம ஏறிக்கிட்டே போற நெஞ்சு வலி அல்லது வயித்து வலி, மூச்சு இரைப்பு, தார் மாதிரி கருப்பு மலம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலி. ஆபரேஷன் பண்ணின இடம் தூரம்னு யோசிக்காதீங்க. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போய் சம்மரியைக் காட்டினா முதல் சிகிச்சை அங்கேயே ஆரம்பிச்சிடலாம். நடக்க முடியாத நிலைன்னா 108.

---

உப்பளம்:

ஏப்பத்துக்கு ஈனோ ஒரு பாக்கெட் போட்டுக் குடிக்கச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும். இல்லைன்னா ஓமத் தண்ணி.

---

மருந்தாளுநர், நெல்லிக்குப்பம் சாலை:

உப்பளம் சார், ஓமத் தண்ணி ஓகே, ஈனோ வேண்டாம். அது தண்ணியில பொங்குதே, அந்தப் பொங்கல் முழுக்க கரியமில வாயு. நமக்கெல்லாம் அது ஏப்பமா வெளியே வரும், அதுதான் அந்த "நிம்மதி". இவருக்கு மேல வர்ற வழியைத்தான் இறுக்கியிருக்காங்க. உள்ளே போன வாயு வெளியே வர முடியாம இரைப்பையை ஊத வைக்கும், புதுத் தையல் மேல அழுத்தம். கோலி சோடா, பன்னீர் சோடா, கோலா, சோடா உப்பு எல்லாம் அதே கணக்கு. தண்ணியில போட்டா நுரைச்சுக் கரையுற பாரசிட்டமால், வைட்டமின் மாத்திரைகளும் அதில சேர்த்தி. இதைப் பலர் கவனிக்கிறதில்லை. "கரையுற மாத்திரை கொடுங்க"ன்னு கேட்டா கடையில நுரைக்கிறதை எடுத்துக் கொடுத்துடுவாங்க. பாரசிட்டமால் சிரப்பா கேளுங்க. பெரியவங்களுக்கான அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். 5 மி.லி.யில 250 மி.கி. இருக்கிற சிரப்னா 500 மி.கி.க்கு 10 மி.லி. சர்க்கரைக்காரர்ங்கிறதால சர்க்கரை சேர்க்காத சிரப் இருக்கான்னு பாருங்க.

பொடிக்கிற விஷயம். கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் பொடிக்கக் கூடாது. பெயருக்குப் பின்னால எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர்.னு இருந்தா அது 12 மணி, 24 மணி நேரத்துக்கு மெதுவா வெளிவர வேண்டிய மருந்து. பொடிச்சா மொத்தமும் ஒரே நேரத்தில இறங்கும். மெட்ஃபார்மின் எஸ்.ஆர்.ஐப் பொடிக்காதீங்க. சாதா மெட்ஃபார்மினா பிரிச்சு எழுதித் தரச் சொல்லிச் சர்க்கரை டாக்டரிடம் கேளுங்க. அதைப் பொடிக்கலாம். பான்டோபிரசோல் மாத்திரைக்கு மேல இருக்கிற பூச்சு இரைப்பை அமிலத்தில கரையாம சிறுகுடலில கரையுறதுக்காகப் போட்டது. பொடிச்சா அமிலத்திலேயே கெட்டுப்போய்ப் பலன் இல்லாம போயிடும். அந்த வகையில தொடரணும்னா, உள்ளே குருணை இருக்கிற ஒமெப்ரசோல் காப்ஸ்யூலா மாத்தித் தர முடியுமான்னு கேட்டுட்டு, காப்ஸ்யூலைத் திறந்து குருணையை ஒரு ஸ்பூன் கடைஞ்ச தயிரில கலந்து மெல்லாம விழுங்கலாம். பூச்சு போட்ட ஆஸ்பிரினுக்கும் இதே விதிதான்.

பொடிக்கக் கூடியதை ஒவ்வொண்ணா பொடிச்சு, ரெண்டு ஸ்பூன் தண்ணியில கலந்து கொடுத்து, மேல 30 மி.லி. தண்ணி. நாலு மாத்திரையை ஒண்ணா இடிச்சு ஒரே உருண்டையா கொடுத்தா அதுவே அடைக்கும். விழுங்கினதும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. எலும்புக்கு வாரம் ஒருதரம் போடுற அலென்ட்ரோனேட், பொட்டாசியம் மாத்திரை, டாக்ஸிசைக்ளின் இதெல்லாம் வழியில நின்னா உணவுக்குழாயில புண்ணே போட்டுடும். இருந்தா டாக்டரிடம் சொல்லி நிறுத்தி வையுங்க.

வலிக்கு டிராமடால் கொடுத்திருந்தா மலச்சிக்கல் வரலாம், முக்குறது கூடாது. ஆனா அதுக்காக இசப்கோல் வேண்டாம். அந்த உமி தண்ணி பட்டா ஊதும். குறுகின இடத்தில ஊதினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. லாக்டுலோஸ் சிரப் நல்லது, அளவு டாக்டர் சொல்றபடி. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வலி மாத்திரை ரெண்டையும் சர்ஜன் எழுதாம நீங்களா வாங்காதீங்க.

---

பத்தியச் சமையல் (உணவியல், புதுவை):

சர்ஜன் கொடுத்த தாளில நாள் கணக்கு எதுவும் இருந்தால் அதுதான் முதல். அதில் இல்லாததை நிரப்பிக்கொள்ள இதை எழுதுகிறேன்.

"இட்லி மெத்து" என்பதில்தான் வீட்டுக்கு வீடு தவறு நடக்கிறது. மெத்தென்று இருப்பது வேறு, ஈரமாக நழுவுவது வேறு. இட்லி, புது ரொட்டி, பன் மூன்றும் எச்சில் பட்டவுடன் பிசைந்த மாவு போலச் சேர்ந்து உருண்டையாகிவிடும். குறுகிய வழியில் அந்த உருண்டை நிற்கும். புதுச்சேரிக்காரர்கள் ஆசையாக வாங்கிவரும் நீட்டு பிரெஞ்சு ரொட்டி இந்த வரிசையில் முதல் குற்றவாளி. பிற்பாடு ரொட்டிக்குத் திரும்பும்போதும், புது ரொட்டியைவிட மொறுமொறுப்பாகச் சுட்ட டோஸ்ட் சுலபமாக இறங்கும். மென்றால் தூளாகுமே தவிர ஒட்டாது.

முதல் இரண்டு வாரம் குடிக்கக் கூடியதும் வழவழவென்று அரைத்ததும் மட்டும். ஒரு கஞ்சி சொல்கிறேன்: பச்சரிசி 2 மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டி. பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, இரண்டையும் கழுவி, 600 மி.லி. தண்ணீர், ஒரு துண்டு இஞ்சி, உப்பு போட்டுக் குக்கரில் ஆறு விசில். இஞ்சியை எடுத்துவிட்டு மிக்ஸியில் அரைத்து, டீ வடிகட்டியைவிடச் சற்றுப் பெரிய கண் சல்லடையில் வடியுங்கள். பதம் பார்க்க: கரண்டியைச் சாய்த்தால் நூலாக ஒழுக வேண்டும், சொத்தென்று விழுந்தால் இன்னும் வெந்நீர் விடுங்கள். ஆறினால் கஞ்சி இறுகும்; காலையில் சரியாக இருந்தது மதியம் அடைப்பது இதனால்தான். ஒவ்வொரு வேளையும் பதம் பாருங்கள்.

அளவு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மி.லி., இருபது நிமிடத்துக்குக் குறையாமல், இரண்டு மணிக்கு ஒருமுறை. இடையில் தண்ணீர், நீர்மோர், வடித்த ரசம், இளநீர் என்று வாய் வாயாக. எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது. வெயில் காலமென்றால் இரண்டு லிட்டர். சிறுநீர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். (இளநீரிலும் இயற்கைச் சர்க்கரை உண்டு. நாளைக்கு ஒன்று போதும். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம்.)

கஞ்சியிலேயே காலம் தள்ளினால் தசை கரையும். எடைக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் புரதம் என்று வையுங்கள். 65 கிலோ ஆளுக்கு 65 கிராம். பால் 200 மி.லி. 6 கிராமுக்கு மேல் தரும். முட்டை ஒன்று 6. பொட்டுக்கடலை மாவு 30 கிராம் சுமார் 6. கஞ்சியிலோ பாலிலோ கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் கனம் கூடாமல் புரதம் ஏறும். முட்டையை வேகவைத்துத் தராதீர்கள். வெள்ளை ரப்பர், மஞ்சள் மாவு, இரண்டும் நிற்கும். பாலில் அடித்து ஆவியில் வேகவைத்த கஸ்டர்டு, மூன்றாம் வாரத்திலிருந்து.

சூடு: கொதிக்கக் கொதிக்கவும் வேண்டாம், ஐஸ் போலவும் வேண்டாம். மிகக் குளிர்ந்தது உணவுக்குழாயைச் சுருக்கி வலி உண்டாக்கும். வெதுவெதுப்பே நல்லது.

மூன்று, நான்காம் வாரம்: குழைந்த சாதத்தைக் கையால் மசித்து, ரசமோ மோரோ விட்டு, சாதம் மிதக்கிற அளவுக்கு. கீரையைக் கடைந்தால் போதாது, அரைக்க வேண்டும். முருங்கைக்கீரையின் காம்பு ஒன்று போதும், அடைத்துவிடும். ஆப்பத்தின் நடுப்பகுதி தேங்காய்ப்பாலில் ஊறியது, நன்கு பழுத்த வாழைப்பழம் மசித்தது, ஜவ்வரிசி பாயசம் சர்க்கரையில்லாமல். இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்தாலும் இழை சேர்ந்து கட்டியாகும், நான்காம் வாரத்துக்குப் பிறகு பாருங்கள். இட்லி அப்போதுதான்: சாம்பாரில் பத்து நிமிடம் ஊறி, ஸ்பூனால் உடைத்தால் தானாகக் கரைகிற நிலையில், சுண்டுவிரல் நகம் அளவு வாய்.

பால் சுறா. பெரியம்மாவின் அன்பைத் தடுக்க வேண்டாம், தள்ளிப் போடுங்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியம், சத்தில் குறை இல்லை. புட்டாக உதிர்த்துச் செய்யும்போது அது உலர்ந்த தூள். அந்தத் தூள் சேர்ந்து நெஞ்சில் நிற்கும். நான்காம் வாரம் முதல் கொடுவா போன்ற ஈரப்பசையுள்ள மீனை ஆவியில் வேகவைத்து, விரலால் நசுக்கி முள் பார்த்து, குழம்புத் தண்ணீரில் மசித்துக் கொடுக்கலாம். சங்கரா, மத்தி போன்ற முள் மீனெல்லாம் இப்போது வேண்டவே வேண்டாம். ஐந்தாறு வாரம் கழிந்து சுறா புட்டு என்றால் குழம்பில் நனைத்து.

ஆறு வாரம் வரை ஒதுக்க வேண்டியவை: சப்பாத்தி, பரோட்டா, கோழித் துண்டு, ஆட்டுக்கறி, பச்சைக் காய், வாழைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், அரிசிப் புட்டு, முறுக்கு. பண்ருட்டிப் பலா பருவம் வந்தால் கை பரபரக்கும்; அந்தச் சுளை வழுக்கிக்கொண்டு மெல்லாமலே உள்ளே போய் நார் திரண்டு நிற்கும். இரண்டு மாதம் போகட்டும். காரம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இந்தக் கட்டத்தில் காரம் இரண்டாம் பட்சம்தான், பதமும் வேகமும்தான் முதல். மிளகு ரசம் இறங்கும், காரமே இல்லாத புது ரொட்டி இறங்காது.

உப்புசத்துக்கு வருகிறேன். வயிற்றில் இருக்கும் காற்றில் பெரும்பகுதி நாமே விழுங்குவது. நம் ஊரில் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்போம். ஒவ்வொரு மடக்கோடும் காற்று போகும். மரியாதைக் குறைவு என்று பார்க்காமல் தனி டம்ளர் கொடுத்து வாய் வைத்து உறிஞ்சிக் குடிக்கச் சொல்லுங்கள். இளநீரை ஸ்ட்ரா போட்டுக் குடிப்பதும் அதே போலத்தான், டம்ளரில் ஊற்றுங்கள். வெற்றிலை பாக்கு, சூயிங்கம், மிட்டாய் மூன்றும் ஓயாமல் விழுங்க வைக்கும். சாப்பிடும்போது பேச்சு குறையட்டும். "ஏப்பம் வருமா" என்று முக்கி முயற்சி செய்கிறவர்கள் ஒவ்வொரு முயற்சியிலும் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறார்கள். பாசிப்பருப்பு ஒத்துவரும், கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம் வேண்டாம். சிமெத்திகோன் சொட்டு மருந்து கொடுக்கலாம். காற்று இனிக் கீழ்வழியாகத்தான் அதிகம் போகும், அதை அடக்க வேண்டாம் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை: உணவு பாதியாகிவிட்டது, மாத்திரை பழைய அளவில் போனால் தாழ்சர்க்கரை வரும். கிளைமிப்பிரைடு மாத்திரை (சர்க்கரைக்கு), இன்சுலின் இரண்டிலும் இது நிஜமான ஆபத்து. இன்றே சர்க்கரை டாக்டரிடம் பேசி அளவைத் திருத்துங்கள். குளுக்கோமீட்டரில் நாளைக்கு நான்கு தடவை. 70க்குக் கீழே போனால் சர்க்கரை 3 டீஸ்பூன் அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பிஸ்கட்டோ கடலை மிட்டாயோ வேண்டாம், அவசரத்தில் நெஞ்சில் நிற்கும். மாறாக, சாப்பிட்ட அரை மணியில் படபடப்பு, வேர்வை, வயிற்றுப்போக்கு வந்தால் அது உணவு இரைப்பையிலிருந்து வேகமாக இறங்குவதாலும் இருக்கலாம். இனிப்புத் திரவங்களைக் குறைத்துப் பாருங்கள், ரிவியூவில் சொல்லுங்கள்.

---

கெடிலக்கரை:

ரொம்ப நன்றி அக்கா, சிஸ்டர், சார். அப்பா இத்தனை நாளும் சொம்பு அண்ணாந்துதான் குடிச்சிட்டு இருந்திருக்கார்! டம்ளர் மாத்தியாச்சு.

இன்னும் கொஞ்சம். எங்களுக்கு மளிகைக்கடை. ஷட்டர் மட்டும் திறந்து வெச்சிட்டுக் கல்லாவில உக்காந்துக்கறேங்கிறார். ரிவியூவுக்குப் புதுச்சேரி போகணும், பஸ்ஸா காரா? பக்கத்து வீட்டுக்காரர் வயித்துப் பெல்ட் வாங்கிக் கட்டச் சொல்றார். தினமும் கபாலபாதி பண்றவர், அதை எப்போ ஆரம்பிக்கலாம்? படுக்கை எப்படி? மூணு பந்து ஊதுற கருவி கொடுத்தாங்க, ஊதி ஊதிக் களைச்சுப் போறார்.

---

இயன்முறை, திருப்பாதிரிப்புலியூர்:

அந்தக் கருவியை ஊதக் கூடாது, உறிஞ்சணும். அதான் களைக்குது. நிமிர்ந்து உக்காந்து, மூச்சை முழுசா வெளியே விட்டு, குழாயை உதட்டால இறுக்கிப் பிடிச்சு மெதுவா உள்ளே இழுக்கணும். பந்து மேலே ஏறினதும் மூணு விநாடி நிறுத்தி, குழாயை எடுத்துட்டு மூச்சை விடணும். முழிச்சிருக்கிற நேரத்தில மணிக்கு 10 தடவை. மூணு பந்தும் ஏறணும்னு போட்டி வேண்டாம். ஒண்ணு ஏறி நின்னாலும் நுரையீரல் அடி வரைக்கும் காத்து போகும். இருமல் வந்தா தலையணையை வயித்தில அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இருமணும்.

ஷட்டர் வேண்டவே வேண்டாம். குனிஞ்சு, மூச்சைப் பிடிச்சு, ஒரே வீச்சில மேலே தூக்குற வேலை அது. பளு தூக்குறதைவிட வயித்தழுத்தம் ஏறும். வேற யாராவது திறக்கட்டும். வேலை லேசா இருந்தா, வலி இல்லைன்னா, ரெண்டு வாரம் கழிச்சு அரை நாள் கல்லாவில உக்காரலாம். ஆனா கடையில உக்கார்ந்தா கை சும்மா இருக்காது: வாடிக்கையாளர் நிக்கும்போது 25 கிலோ மூட்டையை நகர்த்தத்தான் தோணும். 6 வாரத்துக்கு 4, 5 கிலோதான் எல்லை. ஒரு குடம் தண்ணி சுமார் 15 கிலோ. நிறைஞ்ச கேஸ் சிலிண்டர் இரும்போட சேர்த்து 30 கிலோ வரும், உருட்டுறதும் தூக்குறதுதான். மூட்டைக்குத் திரும்புறது 12 வாரத்துக்கு அப்புறம், சர்ஜன் சரின்னு சொன்ன பிறகு, 5, 10 கிலோன்னு படிப்படியா. வண்டியில சென்டர் ஸ்டாண்டு போடுறது, கிக்கர் உதைக்கிறது ரெண்டும் இந்தத் தடையில சேர்த்தி.

நடை மட்டும் முதல் நாளிலிருந்தே. ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிஷம், நாளைக்கு அஞ்சாறு தடவை. காலில ரத்தம் உறையாம இருக்க, வாயு இறங்க, மலச்சிக்கல் தீர, எல்லாத்துக்கும் இதுவே மருந்து. சில்வர் பீச்சுல சாயங்காலம் நடக்கட்டும், மணலில இல்லாம பாதையில. காயம் முழுசா மூடுற வரைக்கும் கடல் தண்ணியில இறங்கக் கூடாது.

பெல்ட் வேண்டாம். திறந்து பண்ணின பெரிய ஆபரேஷனுக்கு அது சரி. இங்கே இருக்கிறது அஞ்சு சின்ன ஓட்டை. வயித்தை இறுக்கினா உள்ளே இருக்கிறது மேல்நோக்கித் தள்ளும். மேலேதான் புதுத் தையல். வேட்டியும் பேன்ட் பெல்ட்டும்கூடத் தளர்வா.

கபாலபாதி, நௌலி, தனுராசனம், உட்டியானம் எல்லாம் 3 மாசம் கழிச்சு, சர்ஜனைக் கேட்டுட்டு. மெதுவான மூச்சுப் பயிற்சி இப்பவே பண்ணலாம்.

படுக்கை: பாயில தரையில படுக்க வைக்காதீங்க, எழுந்திருக்கும்போது வயித்துத் தசை முழுக்க இழுபடும். கட்டிலில தலைப்பக்கம் கால்களுக்கு அடியில செங்கல் வெச்சு உயர்த்துங்க. தலையணை மேல தலையணை அடுக்கினா கழுத்து மட்டும் மடங்கி வயிறு அமுங்கும். எழும்போது பக்கவாட்டில புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி.

காரே நல்லது. பஸ்தான்னா முன்பாதியில, சக்கரத்துக்கு மேல இல்லாத சீட்டு. சீட் பெல்ட்டுக்கும் வயித்துக்கும் நடுவில சின்னத் தலையணை. கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை முடிச்சிடுங்க. வேகத்தடை ஒவ்வொண்ணும் குமட்டலைக் கிளப்பும்.

---

உப்பளம்:

ஈனோ விஷயம் தெரியாது, மருந்தாளுநர் சாருக்கு நன்றி. ஒரு கேள்வி: ஆபரேஷனே பண்ணியாச்சே, பான்டோபிரசோலை அன்னைக்கே நிறுத்திடலாம்தானே?

---

லாஸ்பேட்டை சிஸ்டர்:

நிறுத்துறது சர்ஜன் சொல்றபடி. சிலர் அன்னைக்கே நிறுத்தச் சொல்வாங்க, சிலர் சில வாரம் தொடரச் சொல்வாங்க. வருஷக்கணக்கா சாப்பிட்டவங்க திடீர்னு நிறுத்தினா, அடக்கி வெச்சிருந்த அமிலச் சுரப்பு கொஞ்ச நாளைக்குக் கூடுதலா இருக்கும். அப்போ வர்ற எரிச்சலைப் பார்த்து "ஆபரேஷன் ஃபெயில்"னு முடிவு கட்டிடாதீங்க. பல மாசம் கழிச்சு எரிச்சல் திரும்பினாலும், தானா மாத்திரையை மறுபடி ஆரம்பிக்காம எண்டோஸ்கோப்பியோ 24 மணி நேர பி.எச். பரிசோதனையோ (அமிலம் மேலே வருதான்னு அளக்கிறது) பண்ணிப் பார்க்கச் சொல்லுங்க. ஆபரேஷனுக்குப் பிறகு எரிச்சல்னு வந்து மாத்திரை சாப்பிடுறவங்கள்ல கணிசமான பேருக்குப் பரிசோதனையில அமிலம் மேலே வர்றதே தெரியாது; காரணம் வேற எங்கேயோ இருக்கும்.

எடை முதல் மாசத்தில சில கிலோ இறங்கும், எதிர்பார்த்ததுதான். 6 வாரத்துக்கு அப்புறமும் இறங்கிக்கிட்டே போனா, இல்லை 12 வாரத்திலும் மசிச்ச சாதம் நின்னு நின்னு போனா, அதுக்கு மேல காத்திருக்க வேண்டாம். பேரியம் குடிக்க வெச்சு எக்ஸ்ரே எடுப்பாங்க. சுற்று நழுவலைன்னா எண்டோஸ்கோப் வழியா பலூன் விட்டு விரிப்பாங்க, பலருக்கு அதோட தீரும்.

காயம்: தண்ணி புகாத பிளாஸ்திரி இருந்தா 48 மணி நேரத்துக்கு அப்புறம் குளிக்கலாம், தேய்க்காம ஒத்தி எடுக்கணும். மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ தடவ வேண்டாம்.

ரிவியூ போகும்போது ரெண்டு விஷயம் கேட்டு சம்மரியிலேயே எழுதி வாங்கிடுங்க: உதரவிதான ஓட்டையைத் தைச்சதோட வலை (மெஷ்) வெச்சாங்களா, தையல் கரையுறதா பிரிக்கணுமா. அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து அப்பாவோட சர்க்கரை நோட்டில ஒட்டி வையுங்க. பின்னால எப்பவாவது மூக்கு வழியா டியூப் போடுறதுக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ போனா, போடுறவங்களுக்கு இப்படி ஒரு ஆபரேஷன் நடந்திருக்குன்னு முதல்லயே தெரியணும்.